1976 க்ரெம்லின்: சூடானால் நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் கழித்துத் தானாக ஓடுகிறது. உதவுங்கள்

க்ரெம்லின்76 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது விஸ்கான்சினில், மில்வாக்கி பக்கம். போன அக்டோபரில் 1976 ஏ.எம்.சி. (அமெரிக்கன் மோட்டார்ஸ்) க்ரெம்லின் கார் ஒன்று வாங்கினேன். 232 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், ஒற்றை பேரல் கார்ட்டர் கார்புரேட்டர், ஆட்டோமேட்டிக் கியர். உள்ளே லீவைஸ் சீட். நீல ஜீன்ஸ் மாதிரியே இருக்கும், தொட்டுப் பார்த்தால் நைலான். நிஜ டெனிம் தீப்பாதுகாப்பு விதிக்கு ஒத்துவராததால் கம்பெனி அப்படிச் செய்தது. ஆரஞ்சு நூல் தையலும் செம்பு பட்டன்களும் ஒன்றுகூட விடாமல் அப்படியே இருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பிரச்சினை இதுதான். காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிறது. இருபது, இருபத்தைந்து நிமிடம் அருமையாக ஓடுகிறது. பிறகு ஏதாவது சிக்னலில் நிற்கும்போது பட்டென்று அணைந்துவிடுகிறது. சில நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. அரை மணி, முக்கால் மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. போன ஞாயிறு ரசீனில், ஷெரிடன் ரோட்டில், என் மகளோடு நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

இதுவரை மாற்றியவை: பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காயில், பிளக், பிளக் வயர்கள், டிஸ்ட்ரிப்யூட்டர் கேப், ரோட்டர். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி கிட் போட்டாயிற்று. அறுநூறு டாலருக்கு மேல் போய்விட்டது. ஒர்க்‌ஷாப்பில் இப்போது புது கார்புரேட்டர் போடலாம் என்கிறார்கள். போடலாமா? எஞ்சின் படம் இணைத்திருக்கிறேன்.

ராஜா_டேட்டன் எழுதியது:

வேப்பர் லாக் மாதிரி தெரிகிறது, அதாவது சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் சீக்கிரம் ஆவியாகிறது. டாங்க் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரிக் பம்ப் போட்டுப் பாருங்கள். என் பழைய வண்டி ஒன்றுக்கு அதுதான் கைகொடுத்தது.

பழைய_இரும்பு எழுதியது:

தம்பி, புது கார்புரேட்டர் வேண்டாம், எலெக்ட்ரிக் பம்பும் வேண்டாம். இனி எதையுமே வாங்குவதற்கு முன்னால், வண்டி நின்ற அந்த நிமிடத்தில் இல்லாமல் போவது பெட்ரோலா ஸ்பார்க்கா என்று பார்த்துவிடுங்கள். நீங்கள் மாற்றியவை எல்லாம் வண்டி ஆறிய பிறகு மாற்றியவை. ஆறிய வண்டியில் குறையே இல்லையே, எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

அதற்கு முன்னால் படத்தில் ஒன்று கண்ணில் பட்டது. உங்கள் ஃபில்டருக்கு மூன்று மூக்கு இருக்கிறது. ஒன்று பம்பிலிருந்து வருவது, ஒன்று கார்புரேட்டருக்குப் போவது, சின்னதாக இருக்கும் மூன்றாவது டாங்குக்குத் திரும்பிப் போவது. அந்தச் சின்ன மூக்கு வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். உங்களுடையதில் தரையைப் பார்க்கிறது. மேலே இருந்தால்தான் ஃபில்டருக்குள் சேரும் ஆவி அந்த வழியாக டாங்குக்குப் போகும். கீழே இருந்தால் நல்ல பெட்ரோல் திரும்பிப் போகும், ஆவி கார்புரேட்டருக்குப் போகும். ஏ.எம்.சி.யின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் இந்தத் தவறை நான் நிறைய முறை பார்த்திருக்கிறேன். அதைத் திருப்பி வையுங்கள். கையோடு பழைய ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் புது ஹோஸாக மாற்றிவிடுங்கள். ஐம்பது வருட ரப்பரை சூடான எஞ்சினுக்கு மேலே விட்டுவைக்காதீர்கள்.

அப்புறம் ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நின்றதும் இரண்டே வேலை. ஏர் கிளீனரைத் திறந்து, எஞ்சின் நின்றபடியே, கையால் த்ராட்டிலைத் தள்ளி கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள். பெட்ரோல் பீச்சினால் உள்ளே பெட்ரோல் இருக்கிறது. பார்த்ததும் ஏர் கிளீனரைத் திரும்ப மூடிவிடுங்கள். பிறகு காயிலிலிருந்து வரும் தடித்த வயரை டெஸ்டரில் மாட்டி, டெஸ்டரைக் கார்புரேட்டரிலிருந்து தள்ளி வைத்து எர்த் கொடுத்து, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

க்ரெம்லின்76 எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. ஃபில்டரைத் திருப்பி, ஹோஸ் எல்லாம் மாற்றினேன். வித்தியாசம் தெரிகிறது. சூடான பிறகு மேட்டில் ஏறும்போது ஒரு திணறல் இருந்தது, அது போய்விட்டது. ஆனால் நேற்று மாலை கடைக்குப் போய்த் திரும்பும்போது மறுபடியும் நின்றுவிட்டது.

நீங்கள் சொன்னபடி பார்த்தேன். த்ராட்டிலைத் தள்ளியதும் பெட்ரோல் நன்றாகப் பீச்சியது. டெஸ்டரில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. முப்பத்தைந்து நிமிடம் கழித்து அதே டெஸ்டரில் பளிச்சென்று நீல ஸ்பார்க்.

பழைய_இரும்பு எழுதியது:

சரி, பாதி வழி வந்துவிட்டோம். இனி பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம்.

1975 முதல் 1977 வரை ஏ.எம்.சி. வண்டிகளில் ப்ரெஸ்டோலைட் செய்த பி.ஐ.டி. என்ற எலெக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தது. பழைய வண்டிகளில் ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயிண்ட் இதில் கிடையாது. பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் ஒரு சின்ன சென்சார், பானட்டுக்குள் பக்கச் சுவரில் ஒரு கறுப்புப் பெட்டி. 1978இல் ஃபோர்டின் மோட்டார்கிராஃப்ட் அமைப்புக்கு மாறிவிட்டார்கள். மூன்றே வருடம் வந்த சாமான் என்பதால் இன்று கிடைப்பது அரிது. சூட்டில் செத்து, ஆறினால் உயிர் பெறுவது இதற்கு வழக்கமான நோய். சென்சாரா பெட்டியா என்பதுதான் கேள்வி.

வண்டி ஆறியிருக்கும்போது வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். தலை காயவைக்கும் ஹேர் டிரையர் போதும். முதலில் பெட்டியை மட்டும் ஐந்து நிமிடம் சூடாக்கி ஸ்பார்க் பாருங்கள். பிறகு கேப்பைக் கழற்றி சென்சாரை மட்டும் சூடாக்கிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் சூடாக்க வேண்டாம், எது போனது என்று தெரியாது. பக்கத்தில் பெட்ரோல் ஈரமோ வாடையோ இல்லாதபோது செய்யுங்கள்.

க்ரெம்லின்76 எழுதியது:

நேற்று இரவு கராஜில் விளக்கை அணைத்துவிட்டுச் செய்தேன். மனைவி சாவியைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியைத் தொட முடியாத அளவுக்குச் சூடாக்கினேன், ஸ்பார்க் அசையவில்லை. பிறகு கேப்பைக் கழற்றி சென்சார் பக்கம் டிரையரைக் காட்டினேன். மூன்றாவது நிமிடம் ஸ்பார்க் விட்டு விட்டு வந்தது. ஐந்தாவது நிமிடம் இருட்டு. ஐஸ் கட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு சென்சார்மேல் ஒற்றினேன். "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று அவள்தான் முதலில் கத்தினாள்.

எட்டு மாதமாகத் தேடியது அந்தக் கட்டைவிரல் அளவு சாமான். இப்போது அதை எங்கே வாங்குவது?

லதா_மேடிசன் எழுதியது:

தம்பி, இதே சென்சார் என் 1976 ஏ.எம்.சி. பேஸரில் போனது. ஓட்டுநர் பக்கத்துக் கதவைவிட மற்றப் பக்கத்துக் கதவு நீளமாக இருக்குமே, அந்த வண்டிதான். பழைய ஸ்டாக் சென்சார் கிடைத்தால் விலை அதிகம். கிடைத்தாலும் அதுவும் ஐம்பது வருடப் பொருள், எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது. நான் ஒன்று வாங்கி ஒரு கோடைகூடத் தாங்கவில்லை.

நல்ல செய்தி என்னவென்றால் நம் வண்டிக்கு ஜீப் என்று ஒரு பெரிய அண்ணன் இருக்கிறான். ஏ.எம்.சி. 1970இல் ஜீப்பை வாங்கியது. உங்கள் 232-இன் கூடப்பிறந்த 258 எஞ்சின் 1990 வரை ஜீப்பில் வந்தது. அதனால் பாடிக்கு வேண்டிய சாமான்தான் நமக்குக் கஷ்டம், எஞ்சின் சாமானுக்குப் பஞ்சமில்லை. 1978க்குப் பிந்தைய 258 ஜீப்பின் மோட்டார்கிராஃப்ட் டிஸ்ட்ரிப்யூட்டர் உங்கள் பிளாக்கில் அப்படியே உட்காரும்.

அதோடு பழைய கறுப்புப் பெட்டி வேலை செய்யாது. பி.ஐ.டி. சென்சாரில் காந்தம் கிடையாது, புது டிஸ்ட்ரிப்யூட்டரில் இருப்பது காந்த பிக்கப். இரண்டும் வேறு பாஷை பேசுபவை. நான் கறுப்புப் பெட்டிக்குப் பதிலாக ஜெனரல் மோட்டார்ஸின் நாலு பின் ஹெச்.இ.ஐ. இக்னிஷன் மாட்யூலும் அதற்குப் பொருத்தமான காயிலும் போட்டேன். எந்தக் கடையிலும் கிடைக்கும். ராத்திரி ஊர் தெரியாத இடத்தில் நின்றாலும் வாங்கிவிடலாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

மாட்யூலை ஒரு தடித்த அலுமினியத் தகட்டில் மாட்டுங்கள். அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் கட்டாயம் தடவுங்கள். தடவாமல் போட்டால் இதுவும் சூட்டில்தான் சாகும். தகட்டுக்கு நல்ல எர்த் வேண்டும், பெயின்டைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள். டிஸ்ட்ரிப்யூட்டரின் ஊதா, ஆரஞ்சு வயர்கள் மாட்யூலின் டபிள்யூ, ஜி பின்களுக்குப் போகும். மாறிப் போட்டால் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், கன்னாபின்னா என்று அலையும், ஆனால் மாட்யூல் எரிந்துபோகாது. அப்படியானால் இடம் மாற்றிப் போடுங்கள். சாவி போட்ட நிலையிலும் செல்ஃப் அடிக்கும்போதும் காயிலுக்கு முழு 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பழையதைக் கழற்றும் முன் முதல் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்தி, ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகும் வரிசை 1-5-3-6-2-4, ரோட்டர் சுற்றுவது கடிகாரச் சுற்று.

பழைய_இரும்பு எழுதியது:

லதா சொல்வது சரி. நான் ஒரு காலத்தில் எல்லாமே ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன். இப்போது அப்படி இல்லை, வண்டி ரோட்டில் ஓட வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன்: கழற்றிய பி.ஐ.டி. சாமானைத் தூக்கிப் போடாதீர்கள், வயரையும் வெட்டாதீர்கள். உங்கள் கறுப்புப் பெட்டி இன்னும் நன்றாக இருக்கிறது, அது யாருக்காவது வேண்டியிருக்கும்.

க்ரெம்லின்76 எழுதியது:

முடித்துவிட்டேன். பழைய ஜீப் ஒன்றிலிருந்து எடுத்த டிஸ்ட்ரிப்யூட்டர், புது மாட்யூல், புது காயில். பழைய வயர் ஒன்றையும் வெட்டவில்லை. பழையதை இழுக்கும்போது கியர் சாய்வால் ரோட்டர் கொஞ்சம் திரும்பியது. புதியதை இறக்கும்போது அதே அளவு முன்கூட்டியே திருப்பி வைத்துக்கொண்டேன், கடைசியில் போட்ட கோட்டிலேயே வந்து உட்கார்ந்தது. முதல் தடவை எஞ்சின் குலுங்கியது. டைமிங் லைட்டில் குறி நிலையாக நிற்கவில்லை. லதா அக்கா சொன்னது ஞாபகம் வந்து இரண்டு வயரையும் மாற்றிப் போட்டதும் குறி அசையாமல் நின்றது. வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, பானட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்கு டைமிங் வைத்தேன்.

சனிக்கிழமை தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். வேண்டுமென்றே ஹைவேயை விட்டுவிட்டு ஷெரிடன் ரோடு வழியாக, சிக்னல் சிக்னலாக, கெனோஷாவுக்குப் போனோம். ரசீனில் போன முறை நின்ற அதே சிக்னலில் சிவப்பு விழுந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பச்சை விழுந்தது, கிளம்பினோம். ஏ.எம்.சி.யின் ஏரிக்கரை ஆலை இருந்த இடத்தில் இப்போது வீடுகளும் பூங்காவும் இருக்கின்றன. அங்கே எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் நின்றோம். பிறகு அணைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் செய்தேன். ஒரே திருப்பில் பிடித்தது.

பழைய டிஸ்ட்ரிப்யூட்டரை எண்ணெய்த் துணியில் சுற்றி, பெட்டியோடு சேர்த்து, "சென்சார் சூட்டில் போகும், பெட்டி நல்லது" என்று சீட்டு எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டி யாருக்காவது தேவைப்பட்டால் இங்கே எழுதுங்கள், காசு வேண்டாம்.

பின்பக்கக் கண்ணாடிக் கதவின் ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் இறங்குகிறது. அதைத் தனி இழையில் கேட்கிறேன்.