கலைச்சொல்: டிமாண்ட் – கெப்பாசிட்டி மேட்சிங் (மருத்துவமனைத் திட்டமிடல்: நாடி வரக்கூடிய நோயாளர்களுக்கு ஏற்ப ஆள், கட்டில், நேரம் ஆகியவற்றை அமைப்பது)

> "நோயாளர் தேவை–கொள்ளளவுச் சமன்" என்று வைக்கலாமா? எங்கள் பக்கம் "கிராக்கி" என்றாலும் எல்லோருக்கும் புரியும். — ஆந்திரச் சித்தூரிலிருந்து

சித்தூர் ஐயாவுக்கு வணக்கம். நான் பாலக்காட்டுச் சிற்றூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். இரண்டு ஊரையும் யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்லிவிடுகிறேன்.

கிராக்கியில் விலையேற்றத்தின் வாடை அடிக்கிறது. அரசு மருத்துவமனைக்கு அது ஒட்டாது.

தமிழ்நாட்டுப் பொருளியல் நூல்கள் டிமாண்டைத் தேவை என்கின்றன. இலங்கையில் கேள்வி என்பார்கள். சந்தைக்கு இரண்டும் சரிதான். ஆனால் சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் வயலில் நிற்பவருக்கு மருத்துவத் தேவை உண்டு; அவர் மருத்துவரை நாடவில்லை. சாதாரண சளிக்கு ஊசி போடச் சொல்லி நிற்பவர் நாடுகிறார். ஊசிக்குத் தேவை இல்லை. எனவே டிமாண்டுக்கு "நாடுகை" என்கிறேன்.

"வருகை" போதாதா என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். எல்லையோரத்தில் போதவே போதாது. டோக்கன் முடிந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பியவரும், இங்கே நிற்பதைவிட மேல் என்று பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ பஸ் ஏறியவரும் எங்கள் ஓ.பி. பதிவேட்டில் இல்லை. உங்கள் ஊரிலிருந்து வேலூர் போகிறவர்களும் அப்படித்தானே? அந்தப் பதிவேட்டை வைத்து அடுத்த ஆண்டுக்கு மருத்துவர்களைக் கணக்கிட்டால், நாம் திருப்பி அனுப்பியவர்களை நோயில்லாதவர்களாக எழுதிவிடுகிறோம். வருகை நேற்று நடந்தது. திட்டமிட வேண்டியது நாடுகைக்கு.

கொள்ளளவு அணைக்குப் பொருந்தும் சொல். கட்டில் காலியாக இருந்தும் செவிலியர் இல்லையென்றால் அந்தக் கட்டில் கணக்கில் சேராது. மருத்துவர் மணிக்கு இருபது பேரைப் பார்த்தாலும் ஆய்வகம் எட்டுப் பேருக்குத்தான் முடிவு தரும் என்றால், பரிசோதனை வேண்டியவர்களைப் பொறுத்தவரை அந்த எட்டுதான் அளவு. "ஏற்பளவு" என்றால் ஏற்றுக் கவனிக்கக்கூடிய அளவு என்பது கிடைத்துவிடும்.

என் பெரிய வழக்கு சமனோடுதான். மணிக்குப் பத்துப் பேரைப் பார்க்கும் ஒரே மருத்துவரை எடுத்துக்கொள்வோம். வருகிற இடைவெளியும் பார்க்கிற நேரமும் தற்செயலாகக் கூடிக் குறையும் என்பது வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரி. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் எர்லாங் என்ற கணிதவியலாளர் 1909-இல் தொடங்கிவைத்த கணக்கு இது. மணிக்கு 8 பேர் வந்தால், உள்ளே இருப்பவரையும் சேர்த்துச் சராசரியாக 4 பேர் இருப்பார்கள். 9 பேர் வந்தால் 9. ஒன்பதரை என்றால் 19! இருப்பவர் எண்ணிக்கையை மணிக்கு வருவோர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவர் கழிக்கும் சராசரி நேரம் கிடைக்கும் என்று லிட்டில் 1961-இல் நிறுவிய விதியைப் போட்டுப் பாருங்கள்: ஒருவர் அங்கே கழிக்கும் நேரம் அரை மணியிலிருந்து ஒரு மணிக்கும், அதிலிருந்து இரண்டு மணிக்கும் தாவுகிறது. வருகை சரியாகப் பத்தைத் தொட்டால், அதாவது நீங்கள் சொல்லும் சமன் வந்துவிட்டால், வரிசை ஒரு நிலைக்கு வராமல் வளர்ந்துகொண்டே போகும். சமன் என்று பெயர் வைத்தால் அதிகாரிகள் அதையே இலக்காக எழுதிவிடுவார்கள்.

எங்கள் செவிலியர்கள் திங்கட்கிழமைகளில் சொல்வது, "கூட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை." அதையே எடுத்துக்கொண்டு "ஈடுகொடுப்பு" என்போம். ஆளைக் கூட்டுவது மட்டும் ஈடுகொடுப்பு ஆகாது. நேரத்தை நகர்த்துவதும் அதில் அடங்கும். கேரளத்தில் 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில், குடும்ப சுகாதார மையங்களின் ஓ.பி. மாலை 6 மணி வரை என்று ஆனது. கூலி வேலைக்குப் போகிறவர் அரை நாள் சம்பளத்தை இழக்காமல் வரலாம்.

முழுச் சொல்: நாடுகை–ஏற்பளவு ஈடுகொடுப்பு.

> முழுச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் டோக்கன் தீர்ந்துவிடும் போலிருக்கிறது, தம்பி. நாடுகைக்கும் ஏற்பளவுக்கும் ஒப்புகிறேன். தலைப்பில் "ஈடுகொடுப்புத் திட்டம்" என்று மட்டும் போடுவோம். பேக்லாகுக்குத் "தேக்கம்" சரியா? — சித்தூர்

சரி ஐயா, தலைப்பு அப்படியே இருக்கட்டும். பேக்லாகுக்கு "நிலுவை" என்று போடுங்கள். தேக்கம் என்றால் தானே வடிந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். நிலுவையில் இருக்கும் கண்புரை அறுவைகளை முடிக்கத் தனியாக நாள் ஒதுக்கத்தான் வேண்டும். அது அன்றாட ஏற்பளவில் சேராது.