படகு மோட்டார்: முழு வேகத்தில் 32 ஆம்பியர் எம்சிபி டிரிப் ஆகிறது, 63 போடலாமா?

தூண்டில் (கேள்வி)

வணக்கம். என்னிடம் 3.6 மீட்டர் ரப்பர் படகு இருக்கிறது. 12 வோல்ட், 55 பவுண்டு உந்துவிசை மின்மோட்டார். பேட்டரி 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் அயர்ன் பாஸ்பேட். மோட்டாரும் நானும் பின்னால் இருப்பதால், எடை சமமாகட்டும் என்று பேட்டரியை முன்னால் வைத்தேன். இடையில் 3 மீட்டர் தூரம். வீட்டு ரெனவேஷனில் மிஞ்சிய 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரையும், டிபி பாக்ஸில் போடும் 32 ஆம்பியர் எம்சிபியையும் (கரண்ட் அதிகமானால் தானே விழும் சுவிட்ச்) போட்டிருக்கிறேன்.

மெதுவாகப் போனால் பிரச்சினை இல்லை. போன ஞாயிறு சிங்கப்பூர் சாங்கியிலிருந்து உபின் தீவுப் பக்கம் போகும்போது, நீரோட்டத்தை எதிர்த்து முழு வேகம் வைத்தேன். பத்து நிமிடத்தில் டிரிப். தூக்கிவிட்டேன், ரெண்டே நிமிடத்தில் மறுபடி டிரிப். பம்போட்கள் (பயணிகள் படகுகள்) ஓடும் வழியில் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தோம். மகனும் கூட இருந்தான், பயந்துவிட்டேன். வயரைத் தொட்டுப் பார்த்தால் நல்ல சூடு. 63 ஆம்பியர் எம்சிபி மாற்றினால் சரியாகுமா? பேட்டரிக்குள் 100 ஆம்பியர் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) வேறு இருக்கிறதே.

துவாஸ் வயர்மேன்

தம்பி, 63 போடாதீங்க. அந்த எம்சிபி தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். 32 ஆம்பியர் எம்சிபியில் 50 ஓடினால் உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடேறி, சில நிமிடங்களில் விழும். ஏற்கெனவே சூடாக இருப்பதால்தான் இரண்டாவது தடவை சீக்கிரம் விழுந்தது. வெயிலில் மூடிய பெட்டிக்குள் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

63 போட்டால் என்ன ஆகும்? எம்சிபியில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டிய உடனே அது விழாது. 1.45 மடங்கு, அதாவது 91 ஆம்பியரை, ஒரு மணி நேரம் வரைகூட விட்டுவைக்கலாம் என்றுதான் தரவிதியே இருக்கிறது. உங்கள் பிஎம்எஸ்ஸும் 100 வரை சும்மா இருக்கும். புரொப்பெல்லரில் தங்கூசியோ பிளாஸ்டிக் பையோ சுற்றி மோட்டார் திணறினால் அந்த 91 உங்கள் 6 ஸ்கொயர் வயரில் ஓடும், தடுக்க யாரும் இல்லை. சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். இப்போது இருப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அதுவும் ரப்பர் படகில், பையனை வைத்துக்கொண்டு.

ஃபியூஸும் பிரேக்கரும் காப்பாற்றுவது வயரை. அதனால் முதலில் வயர், பிறகு அதற்கேற்ற ஃபியூஸ். பிஎம்எஸ் பேட்டரிக்காக இருப்பது. அதை ஃபியூஸாக எண்ணக் கூடாது.

வயருக்குக் கணக்கு இதுதான். போக 3, வர 3, மொத்தம் 6 மீட்டர். மைனஸ் வயரையும் சேர்க்கணும், பலர் இங்கேதான் பாதியாகக் கணக்குப் போடுவார்கள். 6 ஸ்கொயர் செம்புக்கு மீட்டருக்குச் சுமார் 3.3 மில்லி ஓம், ஆக 20 மில்லி ஓம். 50 ஆம்பியரில் 1 வோல்ட் வயரிலேயே போகிறது, அதாவது 50 வாட், ஒரு சால்டரிங் அயர்ன் அளவு. 10 ஸ்கொயர் போட்டால் 0.6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. 16 ஸ்கொயர் என்றால் 0.4-க்குள், சுமார் 3 சதவீதம். நான் 16 தான் போடுவேன். அதுவும் ஈயம் பூசிய, மெல்லிய இழைகள் கொண்ட கேபிள். வீட்டு வயர் அதிர்வுக்கு ஆனதல்ல, உப்புக்காற்றில் உள்ளே பச்சை பிடித்துவிடும்.

தூண்டில்

நன்றி அண்ணா. அப்போ 16 ஸ்கொயருக்கு 60 ஆம்பியர் ஃபியூஸ் சரியா? எங்கே வைப்பது? மோட்டார் பக்கம் வைத்தால் கை எட்டும்.

உப்புக்காற்று

60 சரி. ஆனால் மோட்டார் பக்கம் வைக்காதீங்க. நடுவில் எங்காவது வயர் உரசி ஷார்ட் ஆனால், ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் முழுதும் பாதுகாப்பில்லாமல் கிடக்கும். அமெரிக்கப் படகுத் தரமான ஏபிஒய்சி ஈ-11 பேட்டரி முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள் என்கிறது. பிளஸ் வயரில்தான்.

கை எட்டணும் என்றால் பின்னால் தனியாக ஒரு மெயின் சுவிட்ச் போடுங்கள்.

எம்சிபியைப் பற்றி இன்னொன்று. வீட்டு ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், அப்போது பொறி அணையும். பேட்டரியிலிருந்து வரும் டிசியில் அந்த வாய்ப்பு இல்லை. டிசி அளவு அச்சிடாததை நான் தொட மாட்டேன். லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் தள்ளும். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ், கார் ஆடியோ மலிவு ஹோல்டர் எல்லாம் வேண்டாம். கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் 20,000 ஆம்பியர் வரை அறுக்கும். விலை அதிகம்தான், இதில் மிச்சம் பிடிக்காதீங்க.

துவாஸ் வயர்மேன்

படகு பிரேக்கர் 60 ஆம்பியரில் கிடைக்கும், கடலில் மறுபடி தூக்கிவிடலாம் என்பது உண்மை. மலிவானவை வெயிலில் முன்னாடியே விழுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஃபியூஸ் தான் பிடிக்கும். கூடவே ரெண்டு ஸ்பேர், ஒரு ஸ்பேனர்.

லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) நல்ல கிரிம்பரில் அழுத்துங்கள், சுத்தியலில் தட்டாதீங்க. மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்). மோட்டாரை ஓடவிட்டு, பேட்டரி முனையிலும் மோட்டார் முனையிலும் மீட்டர் வைத்து அளந்து சொல்லுங்கள்.

தூண்டில்

பழைய வயரிலேயே முதலில் அளந்தேன்: பேட்டரியில் 13.1, மோட்டாரில் 11.8. வயர் 1 வோல்ட், மீதி 0.3 எங்கே என்று தேடினால் ஒரு லக் கையால் இழுக்கவே கழன்று வந்தது!

சிம் லிம் டவரில் லக்கும் ஷ்ரிங்க்கும் வாங்கினேன், கேபிளும் ஃபியூஸும் ஆன்லைனில். 16 ஸ்கொயர், 60 ஆம்பியர் கிளாஸ் டி, பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள். இப்போது முழு வேகத்தில் 13.0, 12.6. அரை மணி நேரம் கரையோரமாகவே ஓட்டினேன், கேபிள் லேசான வெதுவெதுப்பு மட்டும்.

உப்புக்காற்று

அருமை. ரெண்டு தடவை போய் வந்ததும் எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சார்ஜ் போட்டால் கண் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள், வாசல் கதவுப் பக்கம் வேண்டாம்.