ஃபான் ஹோவின் நிழலைப் ‘பொய்’ என்றவருக்கு

இருட்டறைவாசி:
ஹாங்காங் புகைப்படக் கலைஞர் ஃபான் ஹோவின் ‘அப்ரோச்சிங் ஷேடோ’ (நெருங்கும் நிழல்) படத்தை நேற்று இங்கே பகிர்ந்தேன். 1954-இல் ஹாங்காங்கில் எடுத்தது. உயர்ந்த வெள்ளைச் சுவர், அடியில் தலைகுனிந்து நிற்கும் ஒரு பெண், சுவரைக் குறுக்காக வெட்டி அவளை நெருங்கும் கரிய நிழல். அதன் கீழே சதுரன் ஒற்றை வரி எழுதியிருக்கிறார்: “அந்த நிழல் பொய், இது புகைப்படமே அல்ல.” படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நிழலை, பிரிண்ட் போடும் இருட்டறையில் சேர்த்ததாக ஃபான் ஹோவே சொல்லியிருக்கிறார். இவர் துப்பறிந்து கண்டுபிடித்த ரகசியம் அல்ல. நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் ஒளி பாய்ச்சும் என்லார்ஜரின் கீழே தாளின் ஒரு பகுதியை அட்டையால் மறைத்து, மீதிக்குக் கூடுதல் ஒளி கொடுத்தால் அந்த மீதி கறுக்கும். இந்த வேலை தெரியாதவர் கறுப்பு வெள்ளை பற்றித் தீர்ப்பு எழுத வேண்டாம்.

சதுரன்:
தெரிந்துதான் எழுதினேன். சுவரில் நிழல் விழுந்ததா, இல்லையா?

இருட்டறைவாசி:
அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவு உதயப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பிரிண்டுகளில் வானம் வெளிறியிருக்கும், மேகங்கள் தெரியும். பிற்காலப் பிரிண்டுகளில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. அதையும் பொய் என்பீர்களா?

சதுரன்:
வானம் அங்கே இருந்தது. ஆடம்ஸ் அதைக் கறுப்பாக்கினார், இரண்டாவது நிலவை ஒட்டவில்லை. இந்தச் சுவரில் நிழல் இருந்ததா?

வெள்ளித்துகள்:
இருவரும் படத்தைச் சற்று நேரம் பாருங்களேன். அந்தப் பெண் அவருடைய உறவுக்காரப் பெண். நிற்கும் இடம், தலையின் சாய்வு எல்லாம் அவர் சொல்லி அமைத்தவை. நிழலை மட்டும் ஏன் பிடித்துத் தொங்குகிறோம்? எனக்கு உறுத்துவது வேறு. அவருடைய இரட்டை லென்ஸ் கேமராவான ரோலிஃப்ளெக்ஸின் சதுர நெகட்டிவை இப்படித் தாராளமாக வெட்டலாமா?

சதுரன்:
நல்ல கேள்வி, தங்கையே. வெட்டக் கூடாது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டயான் ஆர்பஸ் சதுரப் படத்துக்கு மாறிய பிறகு நெகட்டிவின் கரிய ஓரம்வரை தெரியும்படி முழுதாகப் பிரிண்ட் போட்டார். கேமராவுக்குள் குனிந்து பார்க்கும்போதே சட்டகத்தை முடிவு செய்பவர் அவர். மற்றவர்கள் கத்தரிக்கோலை நம்புகிறார்கள்.

இருட்டறைவாசி:
கத்தரிக்கோலா? கணக்குப் பாருங்கள். இந்தக் கேமராவுக்கான அகலமான 120 பிலிமில் சதுரப் படம் உண்மையில் 56 மி.மீ.க்கு 56 மி.மீ. முப்பத்தைந்து மி.மீ. பிலிமின் படமோ 36க்கு 24. பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். சதுரத்தை 56க்கு 42 என்று வெட்டினாலும் இரண்டரை மடங்குக்கு மேல் மிஞ்சும். சாம்பல் நிறத்தின் படிகள் உடையாமல், பிலிமின் துகள் பெருக்காமல் பெரிய தாளில் போடலாம். மீடியம் ஃபார்மட், அதாவது இந்தப் பெரிய பிலிம் அளவு, அவ்வளவு இடம் தருவதே இதற்காகத்தான். அப்பா வாங்கித் தந்த ஒரு ரோலிஃப்ளெக்ஸை வைத்துக்கொண்டு, வீட்டுக் குளியல் தொட்டியில் பிலிம் கழுவிய இளைஞர் ஃபான் ஹோ. ஹாங்காங்கின் சந்துகளில் புகையையும் எதிர்வெயிலையும் அவர் பிடித்ததுபோல் யார் பிடித்தார்கள்? அவருக்குச் சட்டகம் சொல்லிக்கொடுக்க இங்கே எவருக்கும் தகுதி இல்லை.

பழைய ரோலி:
உண்மை பற்றிச் சதுரன் பேசுவதைப் படித்து வயிறு எரிகிறது. போன வருடம் என்னிடம் ஓர் இரட்டை லென்ஸ் கேமரா விற்றார். “லென்ஸ் பளிங்குபோல் இருக்கிறது” என்று எழுதித் தந்தார். பார்சலைப் பிரித்தால் கீழ் லென்ஸில் பூஞ்சை.

சதுரன்:
பூஞ்சை உங்கள் அலமாரி ஈரத்தில் வளர்ந்தது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பழைய ரோலி:
பார்சல் வந்த அன்றே படம் எடுத்து அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

வெள்ளித்துகள்:
அதே 1954-இல் செய்திப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் அமெரிக்காவின் லைஃப் இதழுக்காக எடுத்த, ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்திய டாக்டர் ஷ்வைட்சரின் படமும் இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்தது. முன்னால் தெரியும் கையும் ரம்பத்தின் பிடியும் வேறொரு நெகட்டிவிலிருந்து வந்தவை.

சதுரன்:
நான் சொன்னதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். இரண்டும் இட்டுக்கட்டியவை.

இருட்டறைவாசி:
இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்! ஸ்மித் செய்தி இதழில் வாசகனிடம் “இது நடந்தது” என்றார். அவரிடம் கணக்குக் கேளுங்கள், நானும் கேட்பேன். ஃபான் ஹோ சலோன் எனப்படும் கலைப் புகைப்படப் போட்டிகளுக்குப் படம் அனுப்பியவர், பின்னாளில் திரைப்படம் இயக்கியவர். எங்கே, யாரிடம் அவர் “நிழல் விழுந்தது” என்று சாட்சி சொன்னார்?

சதுரன்:
இவ்வளவு எழுதியும் கேட்டதற்குப் பதில் வரவில்லை. நிழல் இருந்ததா?

இருட்டறைவாசி:
முதல் பதிவிலேயே பதில் இருக்கிறது. படிக்காமல் கேட்டால் நான் என்ன செய்வது? போனில் ஸ்கேன் பார்த்துப் புகைப்படம் பேசுகிறவர்களோடு இதுதான் தொல்லை. ஃபைபர் எனும் இருட்டறைத் தாளில் போட்ட ஒரு பிரிண்டையாவது கையில் வாங்கிப் பாருங்கள்.

சதுரன்:
என் வீட்டில் என்லார்ஜர் இருக்கிறது, ஐயா. உங்களுக்கு முன்பிருந்தே.

பழைய ரோலி:
அதையும் விற்கப் போகிறீர்களா? வாங்குபவர்கள் கவனமாக இருக்கட்டும்.