புரோமைடு போட்டால் தண்ணீர், சாலிசிலேட் போட்டால் கொழகொழ: ஏன்?

முதுகலை_வேதியியல்:
ப்ராஜெக்ட்டுக்காக 50 மில்லிமோலார் சிடிஏபி (சோப்பு மாதிரியான பொருள்) கரைசல் வைத்திருக்கிறேன். 30 மில்லிமோலார் சோடியம் புரோமைடு கலந்தால் தண்ணீராகவே ஓடுகிறது. அதே அளவு சோடியம் சாலிசிலேட் கலந்தால் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. பீக்கரைச் சுழற்றி நிறுத்தினால் உள்ளே மாட்டிய குமிழிகள் பின்பக்கமாக ஒரு துள்ளு துள்ளி நிற்கின்றன. இரண்டுமே ஒற்றை மின்சுமை அயனிதானே? கைடு "கவுன்ட்டர் அயான் பைண்டிங் (எதிர் மின்சுமை அயனி ஒட்டிக்கொள்வது) பற்றிப் படி" என்றதோடு சரி.

ரியோமீட்டர்_வாசி:
குமிழி துள்ளியதைக் கவனித்தீர்களே, விஷயமே அதில்தான். வெறும் பாகுத்தன்மை கூடியிருந்தால் குமிழி நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். உங்கள் கரைசலுக்கு மீள்தன்மையும் வந்துவிட்டது.

சிடிஏபி மூலக்கூறுகள் தண்ணீரில் கூடித் திரளாகும், அதுதான் மிசெல். அவற்றின் தலைகள் நேர்மின்சுமை கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால் இடைவெளி விட்டு உட்காரும். மிசெல் உருண்டையாகவோ குட்டையாகவோ இருக்கும். புரோமைடு அந்தத் தள்ளலை ஓரளவு குறைக்கும், ஆனால் தண்ணீர்ப் பக்கமே நிற்கும். சாலிசிலேட்டில் பென்சீன் வளையம் இருக்கிறது. அது தலைகளுக்கு நடுவே உள்ளே செருகிக்கொள்ளும், எதிர்மின்சுமையுள்ள கார்பாக்சிலேட் முனை மட்டும் தண்ணீரைப் பார்த்திருக்கும். தலைகள் நெருங்கும், வளைவு குறையும், மிசெல் நீளமான புழுவாகும். நீண்ட புழுக்கள் பின்னிக்கொண்டால் இடியாப்பம்தான். ஹைட்ராக்சில் பாரா இடத்தில் உள்ள ஐசோமரையும் போட்டுப் பாருங்கள், இந்தக் கெட்டி வராது. அது செருகும் விதமே வேறு.

அப்புறம், ஏசி அறையில் அளக்காதீர்கள். 25 டிகிரிக்குக் கீழே போனால் சிடிஏபி படிகமாகிவிடும்.

முதுகலை_வேதியியல்:
நன்றி சார். சாலிசிலேட்டைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் உச்சத்துக்குப் பிறகு பாகுத்தன்மை இறங்குகிறதே, புழு உடைந்து குட்டையாகிறதா?

சோப்பு_யூனிட்:
எங்கள் ஷாம்பூவிலும் இதே கதைதான். நுரை தரும் எஸ்எல்இஎஸ்ஸைக் கெட்டியாக்கச் சமையல் உப்பு போடுவோம். அளவு தாண்டினால் நீர்த்துவிடும். புதிதாக வந்த பையன்கள் அப்போதும் "இன்னும் கொஞ்சம்" என்று உப்பைத்தான் தேடுவார்கள்!

ரியோமீட்டர்_வாசி:
குட்டையாகத்தான் வேண்டும் என்றில்லை. புழுக்கள் கிளைவிடலாம். பாலிமர் கிளை மாதிரி அது ஓரிடத்தில் நிற்காது. சந்திப்பு மிசெல் நெடுக வழுக்கிப் போகும், தகைவு (இழுத்ததில் உள்ளே தேங்கிய விசை) சீக்கிரம் தளரும். புழுக்கள் அறுந்து சேரும் வேகம் கூடினாலும் தளர்வு நேரம் (தகைவு தளர ஆகும் நேரம்) குறையும் என்பது 1987-இல் இயற்பியலாளர் கேட்ஸ் தந்த கணக்கு. உச்சத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு மாதிரி எடுத்து ரியோமீட்டரில் ஆசிலேட்டரி டெஸ்ட் (முன்னும் பின்னும் ஆட்டி அளப்பது) ஓட்டுங்கள். ஜி பிரைமின் (மீள்தன்மையின் அளவு) சமதளம் பெரிதாக மாறாமல் தளர்வு நேரம் மட்டும் விழுந்திருந்தால், வலை அறுந்துபோகவில்லை என்று துணிந்து எழுதலாம்.