குணசேகரன் செத்த அன்னிக்கு எங்க வீட்ல அடுப்பு பத்தவைக்கல – உங்க வீட்டு டிவி, தியேட்டர் கதையெல்லாம் சொல்லுங்க

திண்டுக்கல்காரன்:
சீரியல்னாலே எனக்கு ஆகாதுங்க. 2022ல வீட்ல இருந்தே ஆபீஸ் வேலைன்னு ஊருக்கு வந்து உக்காந்தேன். ராத்திரி ஒன்பதரைக்கு சாப்பாட்டுத் தட்டோட ஹாலுக்கு வந்தா எதிர்நீச்சல் சீரியல் ஓடும், வேற வழியில்ல, டிவி ஒண்ணுதான், ரிமோட்டு அம்மா மடியில. மொத ஒரு மாசம் கிண்டல் பண்ணிக்கிட்டே பாத்தேன். பின்ன என்ன, நாலு மருமகளும் அடுப்படியில கூடி குசுகுசுன்னு திட்டம் போடுவாங்க, கரெக்டா யாராவது ஒருத்தன் வாசப்படியில நின்னு ஒட்டுக்கேப்பான், திட்டம் காலி, மறுபடி மொதல்ல இருந்து. சொத்துல அந்த அப்பத்தாவோட நாப்பது பர்சன்ட் பங்கு இருக்கே, அத வச்சே எத்தன மாசம் ஓட்டுனாங்கன்னு கணக்கே இல்ல.

ஆனா அந்த வீட்டையே ஆட்டிப்படைக்கற குணசேகரனா நடிச்ச மாரிமுத்து வாயத் தொறந்தாருன்னா நான் சோத்துல கை வச்சபடியே நிப்பேன். கத்தவே மாட்டாரு அந்த மனுசன், தேனிப் பக்கத்துப் பேச்சுல சாதாரணமா "இந்தாம்மா ஏய்"ன்னு ஆரம்பிப்பாரு. அந்த சாதாரணம்தான் பயமா இருக்கும், ஏன்னா அதே தொனியில பேசுற பெரியப்பா எங்க வீட்லயே ஒருத்தர் இருந்தாரு. அம்மா டெய்லி அந்தாள சபிப்பாங்க. "நாசமாப் போவான், இவனுக்கு ஒரு சாவு வரலயே"ன்னு சொல்லிட்டுத்தான் தட்டக் கழுவவே எந்திரிப்பாங்க.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழம. அம்மா முறத்துல வாழப்பூவப் போட்டு நரம்பு எடுத்துக்கிட்டு இருந்தாங்க, பக்கத்து வீட்டு அக்கா செவுத்துக்கு மேல தலைய நீட்டி "குணசேகரன் போயிட்டாராம் மதினி, டப்பிங் பேசிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சுவலியாம்"னு சொல்லுச்சு. அம்மா நம்பல. நான் போன்ல நியூஸக் காட்டினேன். கையெல்லாம் வாழப்பூக் கறையோட அப்படியே திண்ணையில உக்காந்துட்டாங்க. "நான் சொன்ன வாய்தான்டா"ன்னு ஒரே அழுகை. என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடல. மத்தியானம் கடையில பரோட்டா வாங்கிட்டு வந்தேன், தொடவே இல்ல.

அதுக்கப்புறமும் எடுத்து வச்சிருந்த எபிசோடுல அவரு வந்துக்கிட்டுதான் இருந்தாரு. அம்மா பாப்பாங்க, ஆனா திட்டல. எனக்கு அதுதான் ஒரு மாதிரி இருந்துச்சு.

உங்க கதைய சொல்லுங்க. விமர்சனம் வேணாம், யார் கூட உக்காந்து பாத்தீங்க, என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.

மன்னார்குடி மாப்ள:
நம்ம கேஸு மெய்யழகன் படம். ரிலீஸான மொத ரெண்டு நாளுக்குள்ள அப்பாவோட போனேன், முழுப் படம், கிட்டத்தட்ட மூணு மணி நேரம். தங்கச்சி கல்யாணத்துக்கு பல வருஷம் கழிச்சு நீடாமங்கலம் வர்ற அரவிந்த்சாமிகிட்ட சொந்தக்காரன் கார்த்தி ராத்திரி முழுக்க பாசமா பேசுவாரு, ஆனா அவரு பேரு இவருக்கு ஞாபகமே வராது. முன் சீட்டுல ஒருத்தன் அந்த ராத்திரிப் பேச்சு முழுக்க ரீல்ஸ் தள்ளிக்கிட்டு இருந்தான், எனக்கும் உண்மைய சொல்லணும்னா ஜல்லிக்கட்டு, பழைய அரசர் கதைன்னு கார்த்தி பேசப் பேச கொஞ்சம் கிளாஸ் எடுக்கற மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அப்பா அசையல. மண்டபத்துல தங்கச்சிக்கு வாங்கிட்டு வந்த நகைய அரவிந்த்சாமி மேடையிலயே போட்டு விடறப்ப கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு, அப்புறம் ஏசி ஜாஸ்தின்னு சொன்னாரு.

அடுத்த வாரம் ஒய்ஃப கூட்டிட்டுப் போறேன், 18 நிமிஷம் வெட்டிட்டாங்க. எனக்கு போரடிச்ச எடமெல்லாம் போயிருச்சு, சந்தோஷமாத்தான் இருக்கணும், ஆனா இல்ல. ராத்திரி குடிச்சிட்டு சொந்தக்காரன் பேசற பேச்சு எங்கயாவது அளவா முடிஞ்சிருக்கா? அறுவையா போனாத்தான் அது நீடாமங்கலம். வெட்டினதுல அந்த ராத்திரி சின்னதாப் போச்சு, அப்ப காலையில அரவிந்த்சாமி சொல்லிக்காம கிளம்பறது அவ்ளோ உறுத்தல.

மெயின் மேட்டரு இனிமேதான். ரெண்டு மாசம் கழிச்சு மாமா பொண்ணு காதுகுத்துக்குப் போயிருக்கேன், பந்தியில ஒருத்தர் வந்து கையப் புடிச்சு "என்ன மாப்ள, ஆளே தெரியல, மாமாவ மறந்துட்டியா"ங்கறாரு. சுத்தமா ஞாபகம் இல்ல. வழக்கமா "நல்லாருக்கீங்களா மாமா"ன்னு சமாளிச்சிருப்பேன், படம் பாத்த பாவத்துக்கு நேராவே கேட்டுட்டேன், "மாமா தப்பா எடுத்துக்காதீங்க, பேரு மறந்துருச்சு"ன்னு. அவரு சிரிக்கறாரு, "நீயும் பாத்துட்டியா, காலையில இருந்து நாலாவது ஆளுப்பா நீ"ன்னு. பேரு சொல்லவே இல்ல கடைசி வரைக்கும்! சாம்பார் வாளிய தூக்கிட்டு அடுத்த வரிசைக்குப் போயிட்டாரு.

இஎம்ஐ குமாரு:
கார்த்தி மாதிரி ஒரு சொந்தக்காரன் நிஜத்துல வந்தா நான் பாத்ரூம்ல ஒளிஞ்சுக்குவேன் பாஸ், கண்டிப்பா கடன் கேப்பான். நமக்கு குடும்பஸ்தன் படம்தான். கோயம்புத்தூர்க்காரன் நான், சேம் ஊரு, சேம் கடன். அதுல வர்ற ஹீரோ மணிகண்டன் மாதிரியே வேலை போனத வீட்ல சொல்லாம டெய்லி டிபன் பாக்ஸோட கிளம்பின ஆளு நான், மூணு வாரம். மணிகண்டன் ஒவ்வொரு கடனா ஏறிட்டுப் போகப் போக தியேட்டரே சிரிக்குது, என் ஒய்ஃப் மட்டும் சிரிக்காம என்னையவே திரும்பித் திரும்பிப் பாக்கறா. இன்டர்வெல்ல பாப்கார்ன் வேணுமான்னு கேட்டேன், "அதுக்கு எங்க வாங்குன"ன்னா.

சுண்ணாம்பு:
நான் பாத்தது கொட்டுக்காளி படம். வேற ஒருத்தன காதலிக்கற பொண்ண, பேய் புடிச்சிருக்குன்னு பூசாரிகிட்ட ஆட்டோவுல கூட்டிட்டுப் போற கதை, அவள கட்டிக்கப்போற சூரியும் கூடவே போவாரு. காலேஜ் ஃப்ரெண்டும் நானும், தியேட்டர்ல மொத்தமே பன்னெண்டு பேரு இருப்போம். படத்துல பின்னணி இசையே கிடையாது, தெரியும்ல. ஆரம்பிச்சு கால் மணி நேரத்துல பின்னாடி ஒரு அண்ணன் எழுந்து ஆபரேட்டர் ரூம பாத்து "யோவ், மியூசிக் ஸ்பீக்கரு அவுட்டு, போய்ப் பாரு"ன்னு கத்தறாரு. தியேட்டர்காரரே உள்ள வந்து "படமே இப்படித்தாண்ணே"ன்னு சொல்லிட்டுப் போனாரு. எல்லாரும் சிரிச்சிட்டோம். அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல.

சூரிக்கு அதுல தொண்டை கட்டி, கழுத்துல சுண்ணாம்பு பூசியிருப்பாரு. கரகரன்னு குரலே வராது, ஆனா பேசிக்கிட்டே இருப்பாரு. அன்னா பென்னுக்கு குரல் நல்லாத்தான் இருக்கு, ஆனா பேசவே மாட்டா. இத நான் படம் முடிஞ்சு பஸ்ஸுல வர்றப்பதான் யோசிச்சேன், யோசிச்சதும் உடம்பு சிலுத்துருச்சு. காதுல விழுற பாட்ட அந்தப் பொண்ணு லேசா முணுமுணுத்ததுக்கு அவரு அடிக்கற அடி இருக்கே, எங்கூட வந்தவ எந்திரிச்சு வெளிய போயிட்டா. போய்ப் பாத்தா படிக்கட்டுல உக்காந்திருக்கா. அவ அக்காவ இப்படித்தான் ஒரு பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போனாங்களாம், நாலு வருஷ ஃப்ரெண்டுஷிப்புல அன்னிக்குத்தான் சொன்னா.

முடிவ பார்வையாளர்கிட்ட விட்டுட்டாங்கன்னு நெறய பேரு கடுப்பானாங்க. மியூசிக் கேட்ட அதே அண்ணன் வெளிய வந்து பைக்க ஸ்டார்ட் பண்ணாம சும்மா உக்காந்திருந்தாரு. எங்கள பாத்ததும் "அந்தப் பையன் திரும்பிப் போயிருப்பான்லம்மா?"ன்னு கேட்டாரு. எனக்கு ஆமான்னு சொல்லத் தோணல.

யாழ்ப்பாணத்தாள்:
நானும் ஒண்டு சொல்லுறன். டூரிஸ்ட் ஃபேமிலி படம் வந்த நேரம் அம்மாவோட போய்ப் பாத்தனான். வல்வெட்டித்துறையில இருந்து படகேறி ராமேஸ்வரம் போற குடும்பம் எண்டு கதை. எங்கட கதைய இந்தியாவில எடுத்தா வழமையா ஒப்பாரி, இல்லாட்டி குண்டுச்சத்தம். இதில அப்படி இல்லாதது எனக்குப் பிடிச்சுது. ஆனா அந்தக் குடும்பம் சென்னையில குடியிருக்கிற தெருவில இருக்கிற எல்லாரும் கடைசியில நல்லவையாப் போறது கொஞ்சம் கூடிப்போச்சு, சனம் அப்பிடியே?

பேச்சு சில இடத்தில வடிவா வந்தது, சில இடத்தில சென்னைத் தமிழ் எட்டிப் பாத்தது. நான் அதைப் பிழை பிடிச்சுக்கொண்டு இருக்க அம்மா "சும்மா இரு பிள்ளை, அந்தாள் வாடகைக்கு வீடு கேக்கிற மாதிரியே தான் உங்கட அப்பாவும் நிண்டவர்"எண்டா. நாங்கள் 90ல மண்டபம் அகதி முகாமால வெளிய வந்து திருச்சியில அறை தேடினதாம். எனக்கு அப்ப ரெண்டு வயசு. ஆர் அறை குடுத்தது எண்டு கேட்டன், "ஒருத்தரும் குடுக்கேல்ல, பிறகு ஒரு பால்காரர் தன்ர மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில விட்டவர்"எண்டு சொல்லிப்போட்டு படத்தைப் பாக்கத் தொடங்கீட்டா. பிறகு எனக்குப் பேச்சுப்பிழை ஒண்டும் காதில விழேல்ல.

திண்டுக்கல்காரன்:
அக்கா, அந்தப் பால்காரர் கதைய தனியா எழுதுங்க, ப்ளீஸ். சுண்ணாம்பு, உங்க கமெண்ட ரெண்டு தடவ படிச்சேன்.

எங்கம்மா கதையில மிச்சத்தையும் சொல்லிடறேன். கொஞ்ச நாள் குணசேகரன் இல்லாமலே கதைய ஓட்டினாங்க, அப்புறம் அந்த வேஷத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அய்யா வந்தாரு. அவரு எழுத்த படிச்சவன் நான், அதனால எனக்கு சந்தோஷம்தான். ஆனா அவரு கண்ண உருட்டினா வில்லன்னு தெரிஞ்சிடுது, மாரிமுத்துகிட்ட அது தெரியாது, நம்ம வீட்டு ஆளு மாதிரியே இருப்பாரு. 2024 ஜூன்ல முடிச்சாங்க, டிசம்பர்ல மறுபடி ரெண்டாம் பாகம்னு ஆரம்பிச்சிட்டாங்க, மருமக ஜனனியா நடிக்கிற பொண்ணே மாறியாச்சு. கதை இழுவைன்னு நான் ஹெட்செட் மாட்டிக்கிட்டு உள்ள போயிடறேன்.

அம்மா இன்னும் பாக்குறாங்க. இப்ப வர்ற குணசேகரனுக்கு பேரு சொல்ல மாட்டாங்க, "புது ஆளு"ன்னுதான். நேத்து ஏதோ சீன்ல அந்தாளு மருமகள அடிக்க கைய ஓங்கறாரு, அம்மா வழக்கம்போல "நாசமாப்"னு ஆரம்பிச்சு டக்குன்னு வாயப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் மெதுவா, "நல்லாயிரு, ஆனா கையக் கீழ போடு"ன்னாங்க டிவியப் பாத்து.