மறு: ஸ்பிண்டில் ஓரியண்டேஷன் – 'கதிர்கோல் வாட்டம்' சரிவருமா?

> 'கதிர்த் திசையமைவு' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் பிரித்தெடுக்கும் இழை அமைப்புதான் ஸ்பிண்டில், அதாவது கதிர்கோல். செல்லுக்குள் அது கிடக்கும் நிலைக்கு நம் கலைச்சொல் அட்டவணையில் என்ன பெயர் வைப்பது என்பதே பேச்சு. புரியும்தான், ஆனால் 'திசை' இடிக்கிறது. திசை என்றால் ஒரு பக்கம் நோக்கிப் போவது. கதிர்கோல் எங்கும் போவதில்லை. செல்லுக்குள் அது படுத்திருக்கிறதா, நிற்கிறதா, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே கேள்வி.

அந்தச் சாய்வில்தான் விஷயமே இருக்கிறது. கருவின் மூளையில் ஆரக் கிளியா செல்கள் (நியூரான்களை உண்டாக்கும் முன்னோடிச் செல்கள்) மூளைக்குள் திரவம் நிறைந்த உள்ளறையின் விளிம்பை ஒட்டிப் பிரிகின்றன. கதிர்கோல் விளிம்புக்கு இணையாகப் படுத்திருந்தால் செல்லை இரண்டாக்கும் வெட்டு விளிம்புக்குச் செங்குத்தாக விழும். சேய்ச்செல்கள் இரண்டுக்கும் விளிம்புச் சவ்வில் பங்கு கிடைக்கும். அந்தச் சவ்வோ மிகக் குறுகலானது. கதிர்கோல் கொஞ்சம் சாய்ந்தாலே ஒரு சேய்க்கு அது கிடைக்காமல் போகலாம். எலிக் கருவில் கதிர்கோலின் முனைகளில் இருக்கும் ஏஎஸ்பிஎம் (ASPM) புரதத்தைக் குறைத்தபோது இப்படித்தான் ஆனது என்று 2006இல் காட்டினார்கள். மனிதரில் அந்தப் புரதத்துக்கான மரபணு பழுதானால் பிறவிச் சிறுதலை.

> 'சமச்சீர்ப் பிரிவு', 'சமச்சீரற்ற பிரிவு' இரண்டும் இருக்கையில் இன்னொரு சொல் எதற்கு?

அவை சேய்களின் தலைவிதியைச் சொல்பவை: இரண்டும் ஒரே வகைச் செல்லாகுமா, வெவ்வேறு வகையாகுமா என்பதை. இது வடிவக் கணக்கு. 1995இல் ஃபெரெட் (கீரி போன்ற சிறு விலங்கு) மூளையை ஆராய்ந்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். 2008இல் எலியில் கதிர்கோலின் சாய்வைக் கட்டுப்படுத்தும் எல்ஜிஎன் (LGN) புரதத்தை முடக்கிக் கதிர்கோலைத் தாறுமாறாகச் சாயவிட்டபோது, முன்னோடிச் செல்கள் இடம்மாறிச் சிதறினவே தவிர, நியூரான் உற்பத்தி பெரிதாகக் குறையவில்லை. முடிச்சு அவ்வளவு இறுக்கமில்லை. ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் இந்த ஆய்வைத் தமிழில் எழுதவே முடியாது.

என் பரிந்துரை 'வாட்டம்'. நீளவாட்டம், குறுக்குவாட்டம் என்கிறோம். தண்ணீர் வடிய மொட்டைமாடித் தளத்துக்குக் கொத்தனார் விடுவதும் வாட்டம்தான். கிடக்கும் போக்கும் சிறு சாய்வும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. 'வாடுதல்' குறுக்கிடும் என்பது நியாயமான ஆட்சேபம். 'கோல்' விடுபட்டு 'கதிர் வாட்டம்' என்று அச்சானால் வேளாண்மைக்காரர்கள் மருந்து கேட்டு வருவார்கள்!

வெட்டு விழும் தளத்துக்கு 'வெட்டுத்தளம்'. இதில் கவனம் வேண்டும்: கதிர்கோலும் வெட்டுத்தளமும் ஒன்றுக்கொன்று செங்குத்து. வெறுமனே 'செங்குத்துப் பிரிவு' என்று எழுதினால் எது செங்குத்து என்று தெரியாது. அட்டவணையின் பழைய பதிவில் அப்படித்தான் இருக்கிறது. 'செங்குத்து வெட்டுத்தளப் பிரிவு' என்று மாற்ற யாருக்கும் மறுப்பு உண்டா?