கூட்டத்துக்கு முன்னால் விளையாட்டா, வெள்ளைத்தாளா?

மலைமுகில், ஹட்டன்
சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்க, எங்கள் தோட்டத்து இளைஞர் கழகத்தில் யோசனை கேட்டோம். வழக்கம்போல மூன்று பேர்தான் பேசினார்கள். மற்றவர்கள் "தலைவர் சொன்னா சரி" என்று எழும்பிவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் முதல் 15 நிமிடம் நாடக விளையாட்டு வைத்தோம். வட்டமாக நின்று ஒருவர் ஒரு வரி சொல்ல, அடுத்தவர் "சரி, அப்புறம்..." என்று அதை வளர்க்க வேண்டும். "ஆனால்" சொல்லக் கூடாது. அப்புறம் யோசனை கேட்டபோது, அதுவரை வாயே திறக்காத ஒரு தங்கச்சி, "கொழுந்து மடுவம் பின்னேரம் சும்மாதானே கிடக்குது, அங்க வைக்கலாமே" என்றார்; தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையைத்தான் சொன்னார். எல்லாக் கழகங்களும் இதைச் செய்ய வேண்டும்.

பதுளை டீச்சர்
தம்பி, நல்ல யோசனைதான். அது விளையாட்டால் வந்ததா, அந்தப் பிள்ளையிடம் முதல் தடவையாகக் கேட்டதால் வந்ததா? 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் பரிசோதித்தார்கள். நால்வர் கூடிப் பேசியதைவிட, தனித்தனியாக யோசித்த நால்வரின் யோசனைகளைச் சேர்த்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைத்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், அதற்குள் நினைத்தது மறந்துபோகும். 1987இல் வந்த ஆய்வும் இந்தக் காத்திருப்பைத்தான் பெரிய காரணமாகக் காட்டியது. உங்கள் வட்டத்திலும் எல்லோரும் முறைக்குக் காத்துத்தானே நின்றார்கள்? ஆளுக்கொரு தாள் கொடுங்கள், போதும்.

மலைமுகில்
தாள் கொடுத்தும் பார்த்தோம் டீச்சர். பாதித் தாள் வெறுமையாக வந்தது. பயம் போகாமல் கை எழுதாது. நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் சிக்காகோவில் இப்படியான விளையாட்டுகளை உருவாக்கியதே, குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் கூச்சமில்லாமல் நடிக்க வேண்டும் என்றுதான். நமக்கும் இது புதிதல்ல. மன்மதன், ரதி கதையை நம் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில் சொல்லுக்குச் சொல் எடுத்துக் கொடுத்து வளர்ந்த சனம் நாம்.

பதுளை டீச்சர்
அந்தக் கூத்தில் ரதி வேடத்தையே காலங்காலமாக ஆண்கள்தான் கட்டினார்கள், தம்பி. மாமா, சித்தப்பா பார்த்துக்கொண்டிருக்க, ஒரு குமர்ப்பிள்ளையை வட்டத்தில் நிறுத்தி "உடனே சொல்லு" என்றால் அது பயத்தைப் போக்குமா, கூட்டுமா?

தேயிலைப்பூ, தலவாக்கலை
டீச்சர் சொல்வது எனக்கு நடந்தது. ஒரு பயிற்சியில் என்னை நடுவில் நிற்க வைத்தார்கள். சொல் வரவில்லை, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நான் அங்கே போகவேயில்லை. வேறோர் இடத்தில் இதே விளையாட்டைச் சோடி சோடியாக, எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடினோம். பார்க்க ஆளில்லை, அதனால் வெட்கமும் இல்லை. அது முடிந்த கையோடு பத்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். நான் ஏழு யோசனை எழுதினேன்.

மலைமுகில்
அக்கா, வட்டம் பிழை என்பதை ஒத்துக்கொள்கிறேன். வருகிற ஞாயிறு சோடியாகவே செய்கிறோம், பிறகு தாள். விளையாட்டை மட்டும் விடமாட்டேன்.

பதுளை டீச்சர்
தாளில் பெயர் வேண்டாம், ஒருவரே எல்லாவற்றையும் வாசிக்கட்டும். முடிவெடுக்கும் நேரத்தில் அந்த "ஆனால்" தடையையும் எடுத்துவிடுங்கள். மடுவத்தில் லைட் இருக்கிறதா என்று இதுவரை யாராவது கேட்டீர்களா?